மாத்திரை போடாதவருக்குக் களி இல்லை

ஜாரியா,
ஜனவரி 14

லாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் சலாமை மனசுக்குள் சொல்லிக்கொள். எனக்கு எழுதி அனுப்ப வேண்டியதில்லை.

உன் மகளுக்குப் பெயர் சூட்டிய நாளில் உன் தோழிகள் என்னைச் சாடையாகப் பாடினார்கள். மூத்தவளின் அடுப்பில் பூனை தூங்குகிறது என்று பாடினார்கள். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். இனி என் குரல் உன் காதில் விழாது என்று அன்றைக்குச் சத்தியம் செய்தேன். பதினோரு வருஷமாக விழவில்லை. எழுதுவது பேசுவதாகாது என்று எங்கள் தெரு இமாமிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பேனாவை எடுத்தேன். ஆகவே மூத்தாள் ராசியாகப் போக வந்துவிட்டாள் என்று கனவு காணாதே.

விஷயம் வீட்டுக்காரரைப் பற்றியது. போன வெள்ளிக்கிழமை தொழுகையில் குனிந்தவர் நிமிரும்போது தள்ளாடிப் பக்கத்து ஆளின் மேல் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்த டாக்டர் இரண்டாம் தடவையும் பார்த்தார்.

"நூத்தித் தொண்ணூறுக்கு நூத்திப் பதினெட்டு. எத்தனை நாளா இருக்கு இந்த ரத்தக் கொதிப்பு?"

"இப்பத்தான் டாக்டர், இன்னைக்குத்தான்," என்றேன்.

அவர் பழைய அட்டையைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்தார். "மூணு வருஷத்துக்கு முன்னாடியே மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கோமேம்மா. உங்க வீட்டுக்காரர் சொல்லலையா?"

வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாமி, அந்தக் கூரையில் ஒன்றும் இல்லை. நானும் பார்த்தேன்.

மூத்திரத்தைச் சோதித்தார்கள். சத்து ஒழுகுகிறதாம். சிறுநீரகம் கெட ஆரம்பித்திருக்கிறது. டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "இப்படியே விட்டா ஒரு நாள் வாய் கோணும், இல்லேன்னா நெஞ்சு அடைக்கும். ரெண்டும் இல்லாட்டி ரத்தத்தைச் சுத்தம் பண்ற மிஷின்ல கொண்டுபோய்ப் படுக்க வைக்கணும்." அந்த மிஷினில் படுத்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருத்தரும் எங்கள் தெருவுக்குத் திரும்பி நடந்து வரவில்லை.

எரிகிறதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும். எரிவது எங்கே என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஃபுன்டுவாவில், உன் அடுப்பில். சந்தைக்காக வாரத்தில் நான்கு இரவு அவர் உன்னிடம் சாப்பிடுகிறார். உன் குழம்பு தெருமுனை வரை மணக்கிறது என்று பெருமை பேசுவார். அது உன் கைமணம் இல்லை, கடையில் வாங்கி நீ உடைத்துப் போடும் குழம்புக் கட்டியின் மணம். அந்தக் கட்டி முழுக்க உப்பு. அதை நிறுத்து. கருவாட்டையும் நிறுத்து. என் வீட்டில் உப்புப் பானையைக் கவிழ்த்துக் கழுவி வெயிலில் காயவைத்துவிட்டேன்.

மாத்திரை தினமும் காலையில் போட வேண்டும். ஃபுன்டுவாவிலேயே போட்டுவிட்டு வந்தேன் என்று என்னிடம் சொல்கிறார். அந்த ஒன்றையாவது நீ உருப்படியாகச் செய்கிறாய் போலிருக்கிறது. தொடர்ந்து செய்.

ரக்கியா

---

ஃபுன்டுவா,
ஜனவரி 19

ரக்கியா அக்காவுக்கு,

வ அலைக்கும் சலாம். சலாமுக்குப் பதில் சொல்வது கடமை, நீங்கள் வேண்டாம் என்றாலும் கடமைதான்.

உங்கள் புதுப்பெண் எழுதுகிறேன். மூன்று பிள்ளை பெற்று, கடைவாய்ப் பல் ஒன்று போய், தையல் மிஷின் மிதித்து முழங்காலும் வலிக்கிறது. ஆனாலும் இந்த வீட்டில் நான்தானே புதுப்பெண்.

முதலில் ஒன்று. அவருக்கு இப்படி ஒரு வியாதி இருப்பதே எனக்கு உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். நம் இரண்டு ஊருக்கும் வண்டி ஓட்டும் ஹாரூனா கடிதத்தை நீட்டியபோது யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்தேன். நீங்கள் எனக்கு எழுதுவதென்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? படித்து முடித்ததும் பயந்துபோனேன். அதை ஒளிக்கப்போவதில்லை.

சாப்பிட உட்கார்ந்தவரை அப்படியே நிறுத்திக் கேட்டேன்.

"ஏதோ மாத்திரையாமே?"

"அது காலைல போடுறது. ஜாரியாவிலயே ரக்கியா குடுத்துட்டா."

"அப்ப நாளைக்குக் காலைல?"

"நாளைக்கு வேண்டாம். ஊர் மாறினா ஒரு நாள் விடணும்னு டாக்டர் சொல்லிட்டார்."

எந்த ஊர் டாக்டர் அக்கா அப்படிச் சொல்வார்? உங்களிடம் என் பெயரைச் சொல்கிறார், என்னிடம் உங்கள் பெயரைச் சொல்கிறார். நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டோம் என்கிற தைரியம். நம் சண்டையில் குளிர் காய்ந்தவர் அவர் ஒருத்தர்தான்.

அடுத்தது என் அடுப்பு. ஆமாம், கட்டி போடுகிறேன். நான்கு போட்டுக்கொண்டிருந்தேன். "ரக்கியா வெக்கிற கூக்கா இலைக் குழம்பு மாதிரி வருமா" என்று ஒரு நாள் சொன்னார். ஐந்தாக்கினேன். மறுபடியும் சொன்னார். ஆறாக்கினேன். இப்போது நீங்கள் உப்பை எடுத்துவிட்ட பிறகு சிறையிலிருந்து வந்தவர் மாதிரி வந்து உட்காருகிறார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், உங்கள் பண்டம் இங்கே வந்து என் கட்டியை இரண்டு மடங்காக்குகிறது. தப்பை என் தலையில் மட்டும் கட்டாதீர்கள்.

இது சாப்பாட்டால் வருவதில்லை, யோசனையால் வருகிறது என்கிறார்கள் இங்கே. மூத்தாளின் நாக்குத்தான் அவர் ரத்தத்தை ஏற்றுகிறது என்று என் தோழி சொல்கிறாள். நான் சொல்லவில்லை, அவள் சொல்கிறாள்.

ஆனால் கட்டியை நிறுத்திவிட்டேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை. அந்த மிஷினில் படுத்தவர்கள் திரும்பி வரவில்லை என்று எழுதினீர்களே, அதற்காக.

மாத்திரை எங்கே? அவர் பையைக் கொட்டிப் பார்த்தேன், இல்லை.

லாமி

---

ஜாரியா,
ஜனவரி 27

லாமிக்கு,

உன் தோழியின் நாக்கைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

மாத்திரை கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை போடும் பெரிய அங்கியின் உள்பையில் அட்டை அட்டையாக இருந்தது. எல்லாம் முழுசு. ஒரே ஒரு குழிதான் திறந்திருந்தது. அவரிடம் நீட்டினேன்.

"இது ஒண்ணாவது போட்டீங்களா?"

"அதை ஆட்டுக்குக் குடுத்துப் பார்த்தேன். ஒண்ணும் ஆகல."

"ஆடு செத்துதா?"

"சாகல."

"அப்புறம் ஏன் போடல?"

"எனக்குத் தலைவலியே இல்லையே ரக்கியா. வலிக்காத உடம்புக்கு எதுக்கு மருந்து? ஒரு தடவை ஆரம்பிச்சா சாகறவரைக்கும் விட முடியாதாம்."

இவரை நம்பி நாம் இரண்டு பேர் வாழ்க்கைப்பட்டோம். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தேன்.

டாக்டரிடம் திரும்பவும் போனேன், தனியாக. இந்த வியாதி வலிக்காதாம். வலிக்கும்போது ஏற்கெனவே எதையாவது உடைத்திருக்குமாம். காலை மாத்திரையைச் சாயங்காலத்துக்கு மாற்றலாமா என்று கேட்டேன். "தினம் ஒரே நேரத்துக்குப் போட்டா போதும்மா, சாயங்காலம்னாலும் சரி" என்றார். ஏன் கேட்டேன் என்று உனக்குப் புரியும். நம் முறை சூரியன் சாயும்போது மாறுகிறது. காலை என்றால் அவர் ஒரு வீட்டிலிருந்து கிளம்பி இன்னொரு வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கிறார், அந்தக் காலை யாருடையதும் இல்லை. சாயங்காலம் என்றால் யாருடைய வாசலில் நுழைகிறாரோ அவள் பொறுப்பு. நழுவ இடமில்லை.

ஆகவே சட்டம் இது. மாத்திரையை அவர் கையில் கொடுக்கக் கூடாது. நான் பாதி வைத்துக்கொள்கிறேன், பாதியை ஹாரூனாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். வந்ததும் மாத்திரை, பிறகு களி. நம் கண் முன்னால் விழுங்க வேண்டும், நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். போடாதவருக்குக் களி இல்லை, படுக்கை இல்லை, பேச்சு இல்லை.

எனக்கு அந்தத் தைரியம் உண்டு. உனக்கு இருக்குமா என்பதுதான் சந்தேகம். அவர் முகத்தைச் சுளித்தால் உருகிவிடும் ஜாதி நீ.

ரக்கியா

---

ஃபுன்டுவா,
பிப்ரவரி 24

அக்கா,

உருகுகிற ஜாதியா நான்? இதைக் கேளுங்கள்.

முதல் சாயங்காலம் வாசலில் நின்றேன். ஒரு கையில் தண்ணீர், ஒரு கையில் மாத்திரை. சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே வரப் பார்த்தார். உள்கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

"லாமி! தெரு பார்க்குது!"

"பார்க்கட்டும். மாத்திரை போட்டாத்தான் களி."

"நான் இந்த வீட்டுக்கு ஆம்பிளை!"

"ஆம்பிளைக்கு ஒரு சின்ன மாத்திரை விழுங்கத் தொண்டை இல்லையா?"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவர் கோபித்துக்கொண்டு மூலையில் டீக்கடைக்குப் போய் ரொட்டியும் முட்டையும் தின்றார். திரும்பி வந்து முகப்பு அறையில் கோணிச் சாக்கின் மேல் படுத்தார். இரவெல்லாம் சத்தமாக இருமினார், எனக்குக் கேட்கட்டும் என்று. விடியற்காலையில் கதவிடுக்கு வழியாக, "உங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு மூணாவதா ஒருத்தியைக் கட்டுறேன், உப்புப் போட்டுச் சமைக்கிறவளா" என்றார்.

"கட்டுங்க. அவளுக்கும் ஒரு அட்டை மாத்திரை அனுப்பி வெக்கிறோம்," என்றேன்.

பிறகு கதவிடுக்கில் கை மட்டும் வந்தது. போட்டுக்கொண்டார். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னேன், காட்டினார். அன்றிலிருந்து தவறவில்லை. முணுமுணுப்பார், ஆனால் வாயைத் திறப்பார். இஞ்சி, வெங்காயம், காய்ந்த மிளகாய், நிலக்கடலைப் பொடி, எலுமிச்சை என்று என்னென்னவோ போட்டுச் சமைக்கிறேன். நேற்று இரண்டாம் தடவை குழம்பு கேட்டார். கட்டி ஒன்றுகூட இல்லாத குழம்பு, அக்கா.

ஒரு சங்கதி. வீட்டிலேயே அழுத்தம் பார்க்கும் மிஷின் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஆஸ்பத்திரி நர்ஸ் பின்டாதான் பழக்கிக் கொடுத்தாள். அவர் இங்கிருந்து கிளம்பும்போது பார்த்தால் நூற்று நாற்பத்தைந்து, நூற்று நாற்பது. நல்ல இறக்கம். ஜாரியாவிலிருந்து திரும்பி வந்த சாயங்காலம் பார்த்தால் நூற்று அறுபத்தைந்து. ஒரு தடவை என்றால் விட்டுவிடுவேன். ஒவ்வொரு வாரமும் இதே கதை.

எரிவது ஃபுன்டுவாவில் என்று எழுதினீர்கள். அக்கா, அவருக்கு அங்கே என்னதான் ஆக்கிப் போடுகிறீர்கள்?

லாமி

---

ஜாரியா,
பிப்ரவரி 28

லாமிக்கு,

என்ன தைரியம் உனக்கு!

என் வீட்டில் உப்பு ஒரு கல் கிடையாது. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேள். விருந்தாளி வந்தால்கூட உப்பில்லாமல்தான் போடுகிறேன். என் தம்பி கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போனான். ஜாரியாவில் என்னைப் பைத்தியம் என்கிறார்கள், நான் கவலைப்படவில்லை. களி வேகும்போதும் பீன்ஸ் வேகும்போதும் கூக்கா குழம்பிலும் கொஞ்சம் கன்வாக் கல் மட்டும் தட்டிப் போடுகிறேன். உப்பில்லாத சப்பைக்கு அதுதான் கொஞ்சம் நாக்கில் பிடிக்கிறது. முன்னைவிடக் கொஞ்சம் கூடத்தான் போடுகிறேன். நம் பாட்டி முப்பாட்டி எல்லாரும் போட்டது. பிள்ளை பெற்றவளுக்குக் கஞ்சியில் போட்டுக் கொடுப்பது. என் முதல் பிரசவத்திலிருந்து இன்று வரை தினமும் காலையில் கன்வாக் கஞ்சி குடிக்கிறேன், கல் மாதிரி இருக்கிறேன்.

உன் மிஷின்தான் ஓரவஞ்சனை செய்கிறது. உன் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த மிஷின் வேறென்ன சொல்லும்?

மூத்தவளுக்குச் சமையல் சொல்லித்தர வராதே.

ரக்கியா

---

ஃபுன்டுவா,
மார்ச் 8

அக்கா,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக நர்ஸ் பின்டாவிடம் போனேன். கன்வா என்று நான் வாயைத் திறந்ததும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"உப்பை நிறுத்திட்டு கன்வா போடுறாங்களா? ஐயோ! உப்பும் கன்வாவும் அக்கா தங்கச்சி. ரெண்டுலயும் இருக்கற சோடியம் ஒண்ணுதான். ஒண்ணு கடல்ல இருந்து வருது, ஒண்ணு ஏரிக்கரையில வெட்டுறாங்க. ரத்தக் குழாய்க்கு அந்த ஊர் பேரெல்லாம் தெரியுமா?"

"அது மருந்துன்னு சொல்றாங்களே?"

"யாரு சொன்னா? அந்த ஜாரியாவுலயே பிள்ளை பெத்த பொண்ணுங்க இந்தக் கஞ்சியைக் குடிச்சு உடம்பு வீங்கி மூச்சு முட்டி வர்றாங்க. போய் அவங்க இருதயத்தைக் கேட்டுப் பாருங்க."

உங்களைக் கேலி செய்ய நினைத்துத்தான் போனேன். திரும்பும்போது கேலி வரவில்லை. என் சட்டியிலும் கன்வா இருந்தது அக்கா. பீன்ஸ் சீக்கிரம் வேகுமே என்று நானும்தான் போட்டேன், உங்களைவிடக் கொஞ்சமாக. இரண்டு பேரும் முன்வாசலைச் சாத்திவிட்டுக் கொல்லையைத் திறந்து வைத்திருந்தோம். அதைத் தூக்கி எறிந்துவிட்டேன். நீங்களும் எறியுங்கள். கஞ்சியிலும் வேண்டாம்.

மிஷினை அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அது ஓரவஞ்சனை செய்கிறதா என்று நீங்களே பாருங்கள். பட்டையைச் சுற்றினால் அவர் குழந்தை மாதிரிக் கையை இழுப்பார். முதலில் உங்கள் கையில் சுற்றிக் காட்டுங்கள், பிறகு தருவார். இங்கே அப்படித்தான் பழக்கினேன்.

லாமி

---

ஜாரியா,
மார்ச் 22

லாமிக்கு,

கன்வாவை எறிந்துவிட்டேன். வீட்டுக்காரருக்கு நூற்று முப்பத்தெட்டு. மூத்திரத்தில் ஒழுகல் குறைந்திருக்கிறதாம், டாக்டர் சொன்னார். நீ சொன்னது சரிதான். இதை ஒரு தடவைதான் எழுதுவேன்.

மிஷினைத் திருப்பி அனுப்புகிறேன். பழுது. ஒருத்தருக்குச் சரியாகக் காட்டுகிறது, ஒருத்தருக்குக் கண்டபடி காட்டுகிறது. இனி இங்கே அனுப்பாதே.

ரக்கியா

---

ஃபுன்டுவா,
மார்ச் 29

அக்கா,

மிஷினை என் கையில் சுற்றினேன். நூற்றுப் பதினாறு. எதிர்வீட்டுக்காரிக்குச் சுற்றினேன். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் பின்டாவின் மிஷின் பக்கத்தில் வைத்தும் பார்த்தேன், இரண்டும் ஒன்றே சொல்கின்றன. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

யாருக்குக் கண்டபடி காட்டியது?

வீட்டுக்காரரைக் கேட்டேன். "சொல்ல மாட்டேன்னு ரக்கியா கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றார். பதில் அதிலேயே வந்துவிட்டது. விடவில்லை. "வாயால சொல்ல வேண்டாம், விரலால காட்டுங்க" என்றேன். தரையில் மாவைத் தூவி எழுதினார். இருநூற்று நாலு. கீழே நூற்றிருபது. எழுதிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார் அக்கா. தன் எண்ணைப் பார்த்து ஒரு நாளும் பயப்படாத மனுஷன்.

உங்கள் கால் சாயங்காலத்தில் வீங்குகிறதாம். கிணற்றடிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறீர்களாம். ஊருக்குத்தான் உபதேசமா? நூற்றுத் தொண்ணூறுக்குப் பேனாவை எடுத்து என்னைக் கிழித்தீர்களே, இருநூறுக்கு என்ன செய்தீர்கள்? மிஷினைக் குறை சொன்னீர்கள். ஆட்டுக்கு மாத்திரை கொடுத்தவருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகாவிட்டால் சும்மா இருக்க மாட்டேன்.

லாமி

---

ஜாரியா,
ஏப்ரல் 4

லாமிக்கு,

நீ யார் என்னை மிரட்ட?

இந்த வீட்டில் நான் மூத்தவள். ஏழு பெற்று இரண்டைப் புதைத்தேன். ஒரு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரிப் படி ஏறவில்லை. காய்ச்சலோடு மாவு இடித்திருக்கிறேன். ஒருத்தரும் ஒரு நாளும் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியதில்லை, நான் எதிர்பார்த்ததும் இல்லை. இப்போது இந்த வயதில் கையில் அட்டையோடு வரிசையில் உட்கார்ந்து, "அடுத்து ரக்கியா" என்று யாரோ கூப்பிட எழுந்து போகச் சொல்கிறாயா? நோயாளியாக உள்ளே போன பெண் வீட்டுக்குச் சுமையாகத்தான் திரும்புகிறாள். என் பெண்கள் ஆளுக்கொரு ஊரில் அவரவர் மாமியாரோடு இருக்கிறார்கள். மாத்திரை போட்டாயா என்று என்னை யார் கேட்கப்போகிறார்கள்? அவருக்கு நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய். எனக்கு?

பயம் இல்லை என்று எழுத வந்தேன். இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்த அன்று அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். அதற்காக உன் முன்னால் நாக்கைத் தூக்கிக் காட்டப்போவதில்லை.

நான் போய்விட்டால் உனக்கு என்ன நஷ்டம்? ஜாரியா வீடும் உன்னுடையது, மூத்தவள் என்கிற இடமும் உன்னுடையது, வாரம் முழுவதும் உன்னுடையது. பதினோரு வருஷமாக இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தாய்? சும்மா இரு. தானே வரும்.

ரக்கியா

---

ஃபுன்டுவா,
ஏப்ரல் 9

அக்கா,

வாரம் முழுவதுமா? ஏழு நாளும் அந்த மனுஷனா? அல்லாஹ் காப்பாற்றட்டும். நான்கு நாளுக்கே என் இடுப்பு போகிறது. நீங்கள் மூன்று நாள் இழுத்துப் பிடிப்பதால்தான் நான் தைக்கிறேன், தூங்குகிறேன், என் அம்மா வீட்டுக்குப் போய் வருகிறேன். நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டால் அவர் நிச்சயம் மூன்றாவதைக் கட்டிக்கொண்டு வருவார். இருபது வயசுக் குட்டி ஒன்று வந்து என்னை "அக்கா" என்று கூப்பிடும். அவள் தோழிகள் என் அடுப்பைப் பற்றிப் பாடுவார்கள். அந்த அடுப்பில் பூனை என்கிற பாட்டு நான் கட்டியதுதான் என்று இப்போது சொல்லிவிடுகிறேன், நீங்கள் எப்படியும் என்னைத் திட்டத்தான் போகிறீர்கள், அதற்கும் சேர்த்துத் திட்டுங்கள். திட்ட ஆள் வேண்டும் எனக்கு. உங்களை மாதிரித் திட்ட ஃபுன்டுவாவில் ஆள் இல்லை.

யார் கேட்பார்கள் என்று எழுதினீர்கள். அந்த இடத்தில் எனக்கும் அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது. கோபம்தான் தங்கியது.

இன்று சாயங்காலம் அவர் வந்தார். மாத்திரை கொடுத்தேன், விழுங்கினார், நாக்கைக் காட்டினார். களியைப் பொட்டலமாகக் கட்டிக் கையில் கொடுத்து வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன்.

"இது என் முறை லாமி! மாத்திரைதான் போட்டுட்டேனே!"

"நீங்க போட்டீங்க. அக்கா போடலையே."

"அவ போடாததுக்கு நான் என்ன பண்றது?"

"அக்கா பேர்ல ஆஸ்பத்திரி அட்டை ஒண்ணு உங்க சட்டைப் பையில இருந்தாத்தான் இந்தக் கதவு திறக்கும். அதுவரைக்கும் ஏழு நாளும் ஜாரியாதான். போய்ச் சொல்லுங்க."

சந்தை நாளில் ஹாரூனாவின் வண்டியில் மூட்டையோடு மூட்டையாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறார். நீங்கள் எனக்கென்று எழுதிய வாரம் முழுவதும் உங்களிடமே வருகிறது. வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரம் கெடட்டும், தெரு சிரிக்கட்டும், அவர் தம்பிமார் வந்து என்னைக் கேட்கட்டும். எனக்கு ஒன்றும் இல்லை. உங்களுக்குப் பிடிவாதம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே நாளில் வெள்ளை உடுத்தி விதவைகளாக இத்தா உட்கார நான் தயாரில்லை, உங்களைப் புதைத்துவிட்டு உங்கள் வீட்டில் குடியேறவும் தயாரில்லை.

லாமி

---

ஜாரியா,
ஏப்ரல் 27

லாமிக்கு,

உன் சரக்கைத் திருப்பி அனுப்புகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் வைத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஃபுன்டுவா சந்தையைப் பற்றியே பேசுகிறார். நான் திரும்பும் பக்கமெல்லாம் நின்று, "போய்ட்டு வா ரக்கியா, எனக்காக இல்ல, லாமிக்காக" என்கிறார். தொழுகைப் பாயில்கூட விடவில்லை. நல்ல ஆளிடம் நல்ல ஆயுதம் கொடுத்தாய்.

போனேன். வரிசையில் உட்கார்ந்தேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போனேன், சாகவில்லை. சிறுநீரகம் இன்னும் தப்பித்திருக்கிறதாம். இருதயம் ஒரு பக்கம் கொஞ்சம் தடித்திருக்கிறதாம், அழுத்தம் இறங்கினால் அதற்கும் நல்லதாம். இரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். போன வியாழக்கிழமை பார்த்தபோது நூற்று அறுபத்திரண்டு. இன்னும் இறங்க வேண்டும், இறக்குவேன். கால் வீக்கம் வடிந்திருக்கிறது. கன்வாக் கஞ்சி இல்லாமல் காலை விடிவதே பிடிக்கவில்லை, ஆனாலும் தொடவில்லை.

பாட்டுக் கட்டியவள் நீ என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். உன் தோழிகளுக்கு அவ்வளவு மூளை கிடையாது.

அட்டை எழுதும் இடத்தில் ஒன்று நடந்தது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம். நர்ஸ் சின்னப் பெண். தலை நிமிராமல் எழுதிக்கொண்டே கேட்டாள்.

"வீட்டுல மாத்திரை போட்டீங்களான்னு யாரும்மா பார்த்துக்குவாங்க? பொண்ணு? மருமக?"

"சக்களத்தி," என்றேன்.

அவள் பேனா நின்றது. என்னை முழுசாகப் பார்த்தாள்.

"சக்களத்தியா? அம்மா, அவங்க நீங்க மாத்திரை போடணும்னு நெனைப்பாங்களா?"

"எழுதிக்கோ பொண்ணே," என்றேன். "லாமி. ஃபுன்டுவா. நான் ஒரு நாள் விட்டாலும் என் புருஷனைப் பட்டினி போட்டுத் திருப்பி அனுப்பிடுவா."

எழுதிக்கொண்டாள்.

ரக்கியா